யாக்கிமொவ்: வெள்ளி விளைந்த பள்ளத்தாக்கு

டொலர் என்னும் சொல்லைக் கேளாத காது இக்காலத்தில் இல்லை. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளின் நாணயத்துக்கு அதுவே பெயராய் வழங்குகின்றது. உலகச் சந்தையிலே பொன்னுக்கும் எண்ணெய்க்கும் விலை கூறுவோர் அச்சொல்லைக் கொண்டே கூறுகின்றனர். ஆயினும், அச்சொல் பிறந்த ஊர் எது என்று வினவினால் விடை பகர வல்லார் மிகச் சிலரே. அது அமெரிக்காவில் உள்ள ஊரன்று, பெருநகரமும் அன்று. செக் நாட்டின் வடமேற்கு எல்லையிலே, மலையிடுக்கு ஒன்றினுள், சுமார் 2,500 மக்கள் மட்டுமே வாழும் யாக்கிமொவ் என்னும் சிற்றூரே அது.

இவ்வூர் உலகுக்கு அளித்தது நாணயப் பெயர் ஒன்று மட்டுமன்று. மேரி கியூரி அம்மையார் இரேடியத்தைப் பிரித்தெடுத்ததும் இவ்வூர்ச் சுரங்கத்தின் கழிவுப் பொருளிலிருந்தே. செல்வத்தின் பெயரும், அணுயுகத்தின் முதல் ஒளியும் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டன என்பது வியப்புக்குரிய செய்தியே. எனினும், அக்கொடைகளுக்காக அம்மண்ணின் அடியிலே இறங்கி உழைத்தவர்கள் கொடுத்த விலையையும் அறிந்தாலன்றி அவ்வூரின் சரித்திரம் நிறைவு பெறாது.

மலையும் பள்ளத்தாக்கும்

செக் நாட்டையும் ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தையும் பிரித்து நிற்கும் மலைத்தொடரைச் செக் மக்கள் குருஷ்னே ஹோரி என்பர். ஜேர்மானியர் ஏர்ட்ஸ்கெபிர்கே என்பர். பின்னைய பெயருக்குக் கனிமலை என்பது பொருள். இத்தொடரின் மிகவுயர்ந்த சிகரமாகிய கிளீனொவெட்ஸ் 1,244 மீற்றர் உயரமுடையது. அதன் தென்புறச் சரிவிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 670 மீற்றர் உயரத்தில், யாக்கிமொவ் அமைந்துள்ளது. புகழ்பெற்ற வெந்நீரூற்று நகரமாகிய கார்லோவி வாரி இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தொலைவில் உள்ளது.

ஊரின் அமைப்பை நோக்கினால், அகலம் குறைந்து நீளம் மிகுந்து காணப்படும். ஓடையொன்று மலையிலிருந்து இறங்கி வருகின்றது. அதன் வழியே தெருவும், தெருவின் இருமருங்கும் வீடுகளும் மேல்நோக்கி ஏறிச் செல்கின்றன. அப்பால் ஊசியிலைக் காடுகள். மாரிகாலத்திலே பனி நெடுநாள் உறைந்து கிடக்கும். நெல்லுக்கோ கோதுமைக்கோ ஏற்ற நிலம் அன்று அது. ஆகவே, மக்கள் இங்கு வந்து குடியேறியது நிலத்தின் மேல் விளைவதை நாடியன்று. நிலத்தின் கீழ்க் கிடப்பதை நாடியே.

மிகப் பழங்காலத்திலே இம்மலைகளின் கருங்கற் பாறைகள் பிளந்தபோது, கனிகளைக் கரைத்துக் கொண்ட வெந்நீர் அப்பிளவுகளினூடே பாய்ந்து, ஆறி, படிந்து, கனிய நாளங்களாயிற்று. வெள்ளி, கோபாற்று, நிக்கல், பிஸ்மத்து, உரேனியம் ஆகிய ஐந்தும் ஒரே நாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் படிந்திருத்தல் இவ்விடத்தின் சிறப்பு. இவ்வூரின் ஐந்நூறு ஆண்டுச் சரித்திரமும் அந்நாளங்களில் எது எப்போது வேண்டப்பட்டது என்பதன் சரித்திரமே எனலாம்.

வெள்ளி கண்ட ஊர்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இப்பள்ளத்தாக்கில் கொன்ராட்ஸ்குறூன் என்னும் சிறு குடியிருப்பு ஒன்று இருந்தது. வெள்ளி நாளங்கள் கண்டுபிடிக்கப்பட்டதும், நிலத்துக்கு உரியவரான ஸ்தெபான் ஷ்லிக் பிரபு 1516ஆம் ஆண்டில் அங்கே புதிய நகரொன்றை நிறுவினார். மலைக்கு அப்பால் சக்சனியிலே அன்னம்மாளின் பெயரால் அன்னாபேர்க் என்னும் சுரங்க நகரம் அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. அன்னம்மாளின் கணவரும் மரியாளின் தந்தையுமான புனித சுவக்கீனின் பெயர் இப்புதிய நகருக்குச் சூட்டப்பட்டது. ஜேர்மன் மொழியில் யோவாக்கிம்ஸ்தால், அதாவது சுவக்கீன் பள்ளத்தாக்கு, என அது வழங்கிற்று. யாக்கிமொவ் என்பது அதன் செக் வடிவம்.

வெள்ளி என்ற செய்தி காட்டுத் தீப்போற் பரவியது. சக்சனியிலிருந்தும் பிற ஜேர்மன் நாடுகளிலிருந்தும் சுரங்கத் தொழிலாளர் திரள் திரளாக வந்தனர். 1520இல் அரசர் லூயி இதனைச் சுதந்திர சுரங்க நகரமாக உயர்த்தினார். 1534ஆம் ஆண்டளவிலே குடிசனத்தொகை 18,000ஐ எட்டியது என்பர். போகீமிய நாட்டிலே பிராக் நகருக்கு அடுத்த பெருநகரம் இதுவே ஆயிற்று. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் காடாய்க் கிடந்த இடம் என்று கூறினால் நம்புதல் அரிதன்றோ?

செல்வம் பெருகிய இடத்திலே பூசலும் பெருகுதல் இயல்பு. ஜேர்மன் நாடுகளில் உழவர் கிளர்ச்சி மூண்ட 1525ஆம் ஆண்டில், யாக்கிமொவின் சுரங்கத் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்து, குன்றின் மேலிருந்த ஷ்லிக் பிரபுவின் கோட்டையைத் தாக்கினர். வெள்ளியை வெட்டியவர் கையிலே வெள்ளி தங்கவில்லை என்ற மனக்குறை அன்றைக்கே இருந்தது. அடுத்த ஆண்டிலே பிரபுவும், அவருடைய அரசர் லூயியும், துருக்கியருக்கெதிரான மொஹாக்ஸ் போரிலே மாண்டனர்.

தாலர் டொலரான வரலாறு

வெட்டிய வெள்ளியை வெறும் கட்டியாக விற்பதிலும் நாணயமாக அச்சிடுவதில் ஆதாயம் மிகுதி. ஷ்லிக் குடும்பத்தினர் தம் சொந்த அக்கசாலையிலே கனத்த வெள்ளி நாணயங்களை அச்சிடலாயினர்; 1520 சனவரியிலே போகீமிய நாட்டுச் சபை அதற்கு உரிமையும் வழங்கிற்று. நாணயத்தின் ஒரு பக்கத்தில் புனித சுவக்கீனின் உருவமும், மறு பக்கத்தில் போகீமியச் சிங்கமும் பொறிக்கப்பட்டன. 1528இல் அக்கசாலையை அரசர் பேர்டினாந்து தம் வசமாக்கிக் கொண்டார்.

ஊர்ப்பெயரை ஒட்டி இந்நாணயத்தை யோவாக்கிம்ஸ்தாலர் என்றனர். சந்தையிலே பேசுவோருக்கு அவ்வளவு நீண்ட பெயர் எதற்கு? தலை உதிர்ந்து வால் மட்டும் நின்றது, தாலர் என்றாயிற்று. அளவிலும் தரத்திலும் நம்பத்தக்கதாய் இருந்தமையால் அது ஐரோப்பா எங்கும் செல்லுபடியாயிற்று. பிற அரசர்களும் அதனைப் பின்பற்றித் தம் நாணயங்களை அச்சிட்டு அப்பெயரையே இட்டனர். ஒல்லாந்தர் வாயிலே அது டால்டர் ஆயிற்று. சுவீடன், டென்மார்க்கு நாடுகளில் டாலர் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயிலே டொலர் ஆயிற்று. ஸ்பானியரின் பெருவெள்ளி நாணயத்தையும் ஆங்கிலேயர் அப்பெயராலேயே அழைத்தனர். அமெரிக்கக் குடியேற்றங்களில் அந்த ஸ்பானிய டொலரே கைக்குக் கை மாறியமையால், சுதந்திரம் பெற்ற பின் அமெரிக்கர் 1785இல் தம் நாணய அலகுக்கும் அதனையே பெயராகக் கொண்டனர்.

இச்சொல் நம் இலங்கைக்கும் வந்ததுண்டு. ஒல்லாந்தர் வழியாக இங்கு வழங்கிய ரிக்ஸ்டொலர், பிரித்தானியர் ஆட்சியின் தொடக்க காலத்திலும் இத்தீவின் நாணயமாய் நிலைத்திருந்தது. நம் முன்னோர் காணி விற்றும் சீதனம் கொடுத்தும் எண்ணிய அந்நாணயத்தின் பெயரிலே, அவர்கள் ஒருநாளும் கண்டிராத பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர் ஒளிந்திருந்தது.

ஊர் வைத்தியர் எழுதிய நூல்

இவ்வூருக்கு 1527ஆம் ஆண்டில் ஒரு வைத்தியர் வந்து சேர்ந்தார். அவர்தாம் கியோர்கியுஸ் அக்கிரிக்கோலா. நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய பொழுதிலெல்லாம் சுரங்கங்களையும் உலைகளையும் சென்று பார்த்து, தொழிலாளரிடம் கேட்டு, கண்டவற்றைக் குறித்துக் கொண்டார். அதுவரை கனிகளைப் பற்றி எழுதியோர் பழைய நூல்களைப் பார்த்தே எழுதினர். இவரோ பாறையைப் பார்த்து எழுதினார். அவருடைய பெருநூலாகிய "தே ரே மெத்தாலிக்கா" அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1556இல் வெளிவந்தது. நீர் இறைக்கும் பொறிகள், காற்றுச் செலுத்தும் துருத்திகள், தாதை உருக்கும் முறைகள் ஆகிய யாவும் மரச்செதுக்குப் படங்களுடன் அதில் விளக்கப்பட்டுள்ளன. இரு நூற்றாண்டுகள் வரையில் சுரங்கத் தொழிலுக்கு அதுவே வேதநூலாய் இருந்தது. இலத்தீன் மொழியிலிருந்த அதனை 1912இல் ஆங்கிலத்தில் பெயர்த்தோர், சுரங்கப் பொறியியலாளரான ஹேர்பேட் ஹூவரும் அவர் மனைவியாரும் ஆவர். அந்த ஹூவரே 1929இல் அமெரிக்க ஜனாதிபதியானார்.

அக்கிரிக்கோலா பொறிகளை மட்டும் எழுதவில்லை; மனிதரையும் எழுதினார். சுரங்கத் தூசு நெஞ்சை அரித்துக் கொல்வதையும், கார்ப்பேதிய மலைச் சுரங்கங்களில் அந்நோயால் கணவரை இழந்து இழந்து எழுவரை மணந்த பெண்கள் உளர் என்பதையும் அவர் குறித்து வைத்தார். அந்நோயின் பெயரும் காரணமும் வெளிப்பட மேலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நற்காலம் நெடிது நீடிக்கவில்லை. மேலாக இருந்த நாளங்கள் தீர்ந்தன. ஆழத்திலே வெள்ளம் பெருகிற்று. கடலுக்கப்பால் அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த வெள்ளி விலையை வீழ்த்தியது. லூத்தரின் மாணவராகிய மத்தேசியுஸ் போதகராயிருந்த நகரம் இது. புனித சுவக்கீனுக்கும் அன்னம்மாளுக்கும் உரிய இவ்வூர்த் தேவாலயம், போகீமியாவில் லூத்தர் சமயத்தினருக்கெனப் புதிதாய் எழுந்த முதற் கோயில் என்பர். 1620இன் பின்னர் கத்தோலிக்க அரசு சமயக் கெடுபிடி செய்யவே, தொழிலறிந்த குடும்பங்கள் பல எல்லை கடந்து சக்சனிக்குச் சென்றன. முப்பதாண்டுப் போர் எஞ்சியதையும் சிதைத்தது. பெண்கள் சரிகைப் பின்னல் வேலையிலே பிழைப்புத் தேடினர்.

பீடைக் கல்

வெள்ளி நாளம் முடியும் இடத்திலே, தாரைப் போலக் கறுத்துக் கனத்த ஒரு கல் அடிக்கடி தென்பட்டது. தொழிலாளர் அதனைப் பெக்பிளெண்டு என்றனர். பெக் என்னும் ஜேர்மன் சொல்லுக்குத் தார் என்றும் பொருள். துரதிருஷ்டம் என்றும் பொருள். அக்கல் தோன்றினால் வெள்ளி முடிந்தது என்று அறிந்து, அதனைப் பீடை என்று வெறுத்துக் கழிவுக் குவியலிலே எறிந்தனர்.

1789ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்து இரசாயன அறிஞர் கிளப்ரொத்து, பெக்பிளெண்டினுள் புதிய மூலகம் ஒன்று இருத்தலைக் கண்டு, அதற்கு உரேனியம் எனப் பெயரிட்டார். கண்ணாடிக்கும் மட்பாண்டத்துக்கும் மஞ்சளும் பச்சையும் ஊட்டும் சாயமாக அது பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே யாக்கிமொவில் உரேனியச் சாயத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. உரேனியத்தை எடுத்தபின் எஞ்சிய கபிலநிறத் தூள், பயனற்றதென்று அருகிருந்த காட்டிலே கொட்டப்பட்டது.

1898இல் பாரிசு நகரிலே மேரி கியூரியும் அவர் கணவர் பியரும், பெக்பிளெண்டு அதிலுள்ள உரேனியத்தின் அளவுக்கு மிஞ்சிய கதிர்களை வீசுதலைக் கண்டனர். அதனுள்ளே அறியப்படாத மூலகம் மறைந்திருத்தல் வேண்டும் எனத் துணிந்து, அவ்வாண்டிலேயே பொலோனியத்தையும் இரேடியத்தையும் அறிவித்தனர். அவற்றைக் கண்முன் பிரித்துக் காட்டத் தொன் கணக்கிலே தாது வேண்டும், வாங்கப் பணமில்லை. கழிவுத் தூளே போதும் என்று அவர்கள் கருதினர். வியன்னாவின் பேராசிரியர் சூயஸ் பரிந்து பேச, ஒஸ்திரிய அரசு யாக்கிமொவ்க் கழிவில் ஒரு தொன்னை அனுப்பியது. மூடையை அவிழ்த்தபோது, கபிலத் தூளோடு போகீமியக் காட்டின் ஊசியிலைகளும் கலந்து கிடந்தன என்பதை அம்மையார் பின்னாளிலே நினைவுகூர்ந்தார். ஒழுகும் கொட்டில் ஒன்றிலே, இரும்புக் கோலால் கொதிகலத்தைக் கிளறி, 1902இல் ஒரு கிராமின் பத்திலொரு பங்கு இரேடியக் குளோரைட்டை அவர் பெற்றார்.

இவ்விடத்தில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்றையும் குறித்தல் தகும். கதிர்வீசும் கனிகளை உலகம் தேடிய அந்நாளிலே, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சப்பிரகமுவப் பகுதியிற் கிடைத்த கறுத்துக் கனத்த கனி ஒன்றை அவர் 1904இல் ஆராய்ந்து, பெக்பிளெண்டின் இனமாகிய உரேனினைற்று எனக் கருதினார். இலண்டனில் டன்ஸ்டன் அதனைப் பகுத்து, தோரியம் மிகுந்த புதுக்கனி எனத் தெளிந்து, தோரியனைற்று எனப் பெயரிட்டார். கலை ஆராய்ச்சியாற் புகழ் பெற்ற நம் குமாரசுவாமியின் முதற்புகழ் கல் ஆராய்ச்சியில் விளைந்ததே.

யாக்கிமொவுக்கு மீண்டும் நற்காலம் பிறந்தது போலிருந்தது. 1920களில் பெல்ஜியக் கொங்கோவின் தாது சந்தைக்கு வரும்வரை, உலக இரேடியத்தின் பெரும் பிறப்பிடங்களுள் ஒன்றாய் அது விளங்கிற்று. சுரங்கத்து நீரிலே இரேடன் என்னும் கதிர்வீசும் வாயு கரைந்திருத்தல் அறியப்பட்டு, 1906இல் அந்நீரைக் கொண்டு குளிப்பு வைத்தியம் தொடங்கிற்று. 1912இல் இரேடியம் பலஸ் என்னும் மாளிகை விடுதி திறக்கப்பட்டது. கியூரி அம்மையாரும் 1925இல் இவ்வூருக்கு வந்து சென்றார்.

ஆயின், சுரங்கத்தார் இளமையிலேயே இறந்தவண்ணம் இருந்தனர். மலைக்கு அப்பாலுள்ள ஷ்னீபேர்க் ஊர்ச் சுரங்கத்தாரின் நோய் நெஞ்சுப்பையில் எழும் புற்றே என்பதை ஹேர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் வைத்தியர் இருவர் 1879இல் வெளியிட்டனர். யாக்கிமொவ்ச் சுரங்கத்தாரை அரித்ததும் சுவாசப்பைப் புற்றுநோயே என்று செக் வைத்தியர்களான பிர்க்கானும் ஷிக்லும் 1932இல் எழுதினர். அடைபட்ட சுரங்கத்துக் காற்றிலே இரேடன் திரண்டு, அதன் சிதைவுப் பொருள்கள் மூச்சோடு உட்புகுந்து தங்கிக் கதிர்வீசுதலே அந்நோய்க்குத் தலையாய காரணம் என்பது இன்று ஐயமறத் தெரிந்த உண்மை.

முள்வேலிக் காலம்

1938இல் மியூனிக் உடன்படிக்கையின்படி இப்பகுதி ஹிட்லரின் ஜேர்மனியோடு சேர்க்கப்பட்டது. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. நாலு நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்த ஜேர்மன் மொழி மக்களிற் பெரும்பாலோர் நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். ஊர் வெறிச்சோடியது. ஆனால் சுரங்கம் ஓயவில்லை. ஹிரோஷிமா அழிந்து மூன்று மாதங்கள் கழிந்து, 1945 நவம்பரிலே, செக்கோசிலோவாக்கியா தன் உரேனியத்தைச் சோவியத் நாட்டுக்கு வழங்கும் இரகசிய உடன்படிக்கை ஒன்றிற் கையெழுத்திட்டது. ஒருகாலத்துப் பீடைக் கல் வல்லரசுகளின் பெருஞ்செல்வமாய்விட்டது.

தோண்டுவோர் எங்கே? முதலில் ஜேர்மன் போர்க்கைதிகள் இறக்கப்பட்டனர். 1948இல் கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியபின், அரசுக்கு வேண்டாதவர் எனச் சிறையிடப்பட்டோர் அவர்களின் இடத்தை நிரப்பினர். குருமார், விவசாயிகள், மாணவர், படைத்தலைவர், எழுத்தாளர் எனப் பலதிறத்தோர் அவர்களுள் இருந்தனர். முள்வேலியிட்ட முகாம்கள் ஊரைச் சூழ எழுந்தன. அவற்றுள் மூன்றின் பெயர்கள் ஸ்வோர்னொஸ்து, ரொவ்னொஸ்து, பிராட்ர்ஸ்த்வி என்பன. ஒற்றுமை, சமத்துவம், சகோதரத்துவம் என்பன அவற்றின் பொருள். முகாமிலிருந்து சுரங்கவாய்க்குச் செல்லும்போது, கைதிகளை நெருக்கி நிறுத்தி, கூட்டத்தைச் சுற்றி இரும்பு வடத்தால் வரிந்து கட்டி நடத்தினர். ஒருவர் இடறினால் அனைவரும் இடறுவர்.

ஒஸ்ட்ரொவ் நகருக்கு அருகிலுள்ள விக்மனொவ் முகாமிலே பல மாடிகொண்ட செங்கற் கோபுரம் ஒன்று உண்டு. தாதை நொறுக்கி, தரம் பிரித்து, பீப்பாய்களில் அடைத்துச் சோவியத் நாட்டுக்கு அனுப்பிய இடம் அது. தக்க பாதுகாப்பின்றி உரேனியத் தூசினிடையே கைதிகள் வேலை செய்தனர். மரணக் கோபுரம் என்று அவர்கள் அதற்கு இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

உலக வாகை சூடிய பனித்தளக் ஹொக்கி அணியின் காவலர் பொகுமில் மொட்ரியின் கதை இங்கு நினைக்கத்தக்கது. 1947இலும் 1949இலும் செக்கோசிலோவாக்கியா உலகப் பட்டம் பெற்றபோது அந்நாடே அவரைத் தோள்மேல் ஏற்றியது. 1950இல், வெளிநாட்டுக்குத் தப்பியோட எண்ணினர் என்ற குற்றச்சாட்டில் அவ்வணியினர் பலர் கைதாயினர். மொட்ரிக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை. யாக்கிமொவ்ச் சுரங்கத்திலே உழைத்து, 1955இல் மன்னிப்புப் பெற்று மீண்டார். ஆயினும் உடல்நலம் மீளவில்லை. 1963இல், நாற்பத்தாறாம் வயதில், இறந்தார். பெயர் தெரிந்தவர் அவர். பெயர் தெரியாதோர் எத்தனையோ பேர்.

முகாம்கள் 1961இல் மூடப்பட்டன. 1964இல் உரேனியம் தோண்டுதலும் நின்றது.

இன்றைய யாக்கிமொவ்

பதினாறாம் நூற்றாண்டிலே தோண்டப்பட்ட ஸ்வோர்னொஸ்துச் சுரங்கம் இன்றும் இயங்குகின்றது. ஆனால் கல்லுக்காக அன்று, நீருக்காக. ஐந்நூறு மீற்றர் ஆழத்திலிருந்து இரேடன் கலந்த இளவெந்நீர் மேலேற்றப்பட்டு, குளிப்பு விடுதிகளுக்குச் செல்கின்றது. மூட்டுவாதம், நரம்பு நோய் முதலியன தீர வேண்டி, வைத்தியர் வகுத்த அளவின்படி நோயாளர் அதிலே மூழ்கி எழுகின்றனர். ஒரே பொருள், அளவோடு நின்றால் மருந்தென நாடப்படுகின்றது. அளவிறந்து அடைபட்ட காற்றிலே நின்றபோது சுரங்கத்தாரை மாய்த்தது.

அரச அக்கசாலைக் கட்டடம் இன்று நூதனசாலையாகத் திகழ்கின்றது. 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இம்மலைத்தொடரின் சுரங்க நிலப்பரப்பை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஜேர்மனியிற் பதினேழும் செக் நாட்டில் ஐந்துமாக இருபத்திரண்டு இடங்கள் அதில் அடங்கும். யாக்கிமொவும் அவற்றுள் ஒன்று. மரணக் கோபுரமும் ஒன்று. தேவாலயத்தையும் அக்கசாலையையும் மட்டும் போற்றி, கோபுரத்தை மறைத்துவிடவில்லை என்பதற்காக அம்மக்களைப் பாராட்டலாம். பெருமையையும் துயரையும் ஒரே பட்டியலில் எழுதுவதற்கு மனத்துணிவு வேண்டும்.

அடுத்த முறை நாளிதழிலே டொலரின் விலையைப் பார்க்கும்போது, அல்லது கதிர்வைத்தியத்தால் நோய் தீர்ந்த ஒருவரைக் காணும்போது, வாசகர் அந்தப் பனிபடர்ந்த பள்ளத்தாக்கைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. நாணயத்தில் அரசனின் பெயர் இருந்தது. மூலகத்தைக் கண்டவரின் பெயர் நூல்களில் இருக்கின்றது. இருளிலே இறங்கிக் கல்லை மேலே கொண்டுவந்தவரின் பெயர் எங்கும் இல்லை. அவர் நினைவாக இன்று எஞ்சி நிற்பது அம்மலையிற் காணும் கழிவுக் குவியல்களே. அவற்றின் மீதும் இப்போது மரங்கள் வளர்ந்துவிட்டன.